காஷுவாலிட்டிக்கு ஆள் போகும் முன்னால் தகவல் போக வேண்டும்: நெல்லைப் பக்கத்து அனுபவங்களைச் சொல்லுங்கள்

முக்கூடல்காரன் | ஞாயிறு, இரவு 9:40

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அப்பா ஆற்றுக்குக் குளிக்கப் போன இடத்தில், படித்துறைப் பாசியில் வழுக்கி விழுந்துவிட்டார். 71 வயது. பின்மண்டையில் புளியங்கொட்டை அளவு வீக்கம், லேசாக இரத்தக் கசிவு. ஈரத்துண்டோடு தானே நடந்து வந்து காப்பி குடித்தார். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆட்டோ பிடித்துப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மருந்து வைத்துக் கட்டி, ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். வழக்கமாக என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் இரண்டு தடவை வாந்தி, பேச்சும் குழறியது. திரும்பப் போனால், 'தலைக்காயம், மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது' என்று துண்டுச் சீட்டில் ஒரு வரி எழுதிக் கையில் கொடுத்தார்கள். எத்தனை மணிக்கு வந்தார், பி.பி. எவ்வளவு இருந்தது, காலையில் போட்ட ஊசி என்ன, எதுவும் அதில் இல்லை.

பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். காஷுவாலிட்டியில் சிஸ்டர் கேட்ட முதல் கேள்வியே, "என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்பதுதான். அம்மா மஞ்சப்பையை அப்படியே பெஞ்சில் கவிழ்த்தாள். ஐந்து அட்டைகள், ஐந்தும் கத்தரியால் வெட்டியவை. ஒன்றில் மாத்திரைப் பெயரின் கடைசி இரண்டு எழுத்து இருந்தது. இன்னொன்றில் விலை மட்டும். சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றில் எழுத்தே இல்லை. "இது இருதயத்துக்கு, இது பிரஷருக்கு" என்று அம்மா சொல்லிக்கொண்டே போகிறாள், சிஸ்டர் பேனாவைப் பிடித்தபடி நிற்கிறார். கடைசியில் என் தங்கை வாட்ஸ்ஆப்பில் எப்போதோ அனுப்பிய பழைய மருந்துச் சீட்டின் படம் கிடைத்தது. அதைத் தேடி எடுக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வெள்ளை மாத்திரை அசிட்ரோம், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பது. அதன் பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது. சி.டி. ஸ்கேனில் மூளைக்கு மேல் மெல்லிய இரத்தக் கட்டு. இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 4.6, இருக்க வேண்டியதைவிட அதிகம். பிளாஸ்மா ஏற்றினார்கள், வைட்டமின் கே போட்டார்கள். அப்பா இப்போது நன்றாக இருக்கிறார்.

அன்றைக்கிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில், ஒரு மருத்துவமனையின் குறிப்பை இன்னொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவும் பார்க்கும்படி இணைத்தார்கள். 12 அவசரப் பிரிவுகளை 13 மாதங்கள் ஆராய்ந்த கட்டுரை 2012ல் வந்தது. பழைய குறிப்பைத் திறந்து பார்த்த இடங்களில் வார்டில் சேர்ப்பது குறைந்தது, செலவும் குறைந்தது. ஆனால் வந்த நோயாளிகளில் 6.8 சதவீதம் பேருக்குத்தான் அதைத் திறந்தே பார்த்திருக்கிறார்கள். எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருந்தும், நூற்றில் 93 பேருக்குத் திறக்க நேரமோ நினைப்போ வரவில்லை.

கணினி இருந்தால் மட்டும் போதாது, சரி. ஆள் ஸ்ட்ரெச்சரில் உள்ளே வரும்போது மூன்றே மூன்று விஷயம் அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து: சாப்பிடும் மாத்திரை, ஒவ்வாமை, முதல் ஆஸ்பத்திரியில் எத்தனை மணிக்கு என்ன செய்தார்கள். அதை நம் மாவட்டத்தில் எப்படிச் செய்யலாம்? அங்கே வேலை பார்க்கிறவர்கள் எழுதுங்கள்.

---

வள்ளியூர் வாசகி | ஞாயிறு, இரவு 10:05

அப்பா பிழைத்தது பெரிய விஷயம். எங்கள் பெரியப்பாவுக்கும் இதே மாத்திரைதான். இப்போதே போன் போட்டுப் பெயரை எழுதிவைக்கச் சொல்லிவிட்டேன்.

---

பொருநைச் செவிலி | ஞாயிறு, இரவு 11:50

தம்பி, பையைக் கவிழ்ப்பதை நான் 19 வருஷமாகப் பார்க்கிறேன். டியூட்டி முடித்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

நீங்கள் சொல்கிற மூன்றையும் நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைக் கணினியில் ஏற்றப் போவது யார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைச் சொல்கிறேன். நான்குவழிச்சாலையில் கார் கவிழ்ந்து மூன்று ஸ்ட்ரெச்சர் ஒரே நேரத்தில் வருகிறது. டாக்டர் ஒருவர், நாங்கள் இரண்டு பேர். முதல் ஆளுக்கு நினைவே இல்லை, கூட வந்தவர்களும் யாரும் இல்லை. ஊசி ஏறும் நரம்பு கிடைக்காமல் நான் முழங்கையைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பதிவு செய்கிற பெண் அங்கிருந்து கூப்பிடுகிறாள், "அக்கா, போன் நம்பர் போடாம உள்ள போக மாட்டேங்குது." அது கட்டாயக் கட்டம். பெயர் கட்டாயம், வயது கட்டாயம், போன் எண் கட்டாயம். கடைசியில் பத்து ஒன்பதைத் தட்டினாள், பதிவெண் வந்தது. அந்த எண் வந்தால்தான் சி.டி.க்குச் சீட்டு வரும்.

அந்தப் பத்து ஒன்பதை வைத்து அன்றைக்கு எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று எங்களுக்குத்தான் தெரியும். பிறகு யாராவது அதை எடுத்து ஆராய்ச்சி பண்ணினால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்?

சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆட்களைப் பிரிப்பது நல்ல பழக்கம். விபத்து, அவசர சிகிச்சைத் திட்டம் வந்த பிறகு மூச்சுத் திணறுகிறவர் வரிசையில் நிற்பது இல்லை. அது எங்களுக்கு உதவியாக இருக்கிறது, ஏனென்றால் கண்ணால் பார்த்து, கையைப் பிடித்து, அரை நிமிடத்தில் முடிவு எடுக்கிற வேலை அது. கணினியும் அந்த வேகத்துக்கு வர வேண்டும்.

---

முக்கூடல்காரன் | திங்கள், காலை 7:15

அக்கா, நான் மென்பொருள் சோதிக்கிற வேலையில்தான் இருக்கிறேன். 'கட்டாயக் கட்டம்' என்று போடச் சொல்லி நானே எத்தனையோ இடத்தில் எழுதியிருக்கிறேன். ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நிற்கிறவரை நினைத்து அதை எழுதவில்லை. நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

'அடையாளம் தெரியாத ஆண்' என்று ஒரே பொத்தானில் எண் கிடைக்க வேண்டும், விவரம் தெரிந்த பிறகு அதோடு சேர்த்துக்கொள்ளலாம். இதைச் செய்வது மென்பொருளில் கடினமே இல்லை.

---

களக்காட்டு டாக்டர் | திங்கள், மதியம் 2:30

தாலுகா அளவு மருத்துவமனைகளில் வேலை பார்த்தவன். முதலில் பொதுவாக ஒன்று. உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டு வந்தால், வெளியே காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் நாங்கள் சி.டி. பக்கம்தான் யோசிப்போம். அந்த ஒரு மாத்திரைப் பெயர் காலையிலேயே தெரிந்திருந்தால் முக்கூடல் தம்பியின் அப்பா வீட்டுக்குத் திரும்பியிருக்க மாட்டார்.

இனி ஆராய்ச்சிக்கு வருகிறேன். பிட்ஸ்பர்கில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில், டாக்டர்கள் மருந்து உத்தரவைக் கணினி வழியாகவே போட வேண்டும் என்று மாற்றினார்கள். வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து மேல் சிகிச்சைக்கு வந்த 1,942 குழந்தைகளின் கணக்கைப் பார்த்தபோது, இறப்பு 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாகக் கூடியிருந்தது. 2005ல் வந்த கட்டுரை. காரணங்களில் ஒன்றை நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் குழந்தை ஆம்புலன்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே மருந்தை எழுதி, கலக்கித் தயாராக வைத்திருப்பார்கள். புது ஏற்பாட்டில், குழந்தை கதவுக்குள் வந்து பதிவு ஆன பிறகுதான் உத்தரவே போட முடியும். முன்னால் போய்க்கொண்டிருந்த தகவலை மென்பொருள் வாசலில் நிறுத்திவிட்டது. செவிலியர் சொல்கிற போன் நம்பர் கட்டமும் இதே வியாதிதான்.

அதே மென்பொருளை சியாட்டிலில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையும் போட்டது. அங்கே இறப்பு கூடவில்லை. அவசர நோய்களுக்கான உத்தரவுகளைத் தொகுப்பாக முன்கூட்டியே தயார் செய்து வைத்துவிட்டுத்தான் தொடங்கினார்கள். ஆகவே பெட்டியைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது, அதைக் கொண்டுவந்து வைத்த விதத்தையும் பார்க்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது, அதை ஏன் யாரும் பேசுவதில்லை என்று எனக்கு வருத்தம். நெஞ்சுவலியோடு சின்ன ஆஸ்பத்திரிக்கு வருகிறவருக்கு அங்கேயே ஈ.சி.ஜி. எடுத்து, அதை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, இரத்தக் கட்டி கரைக்கும் மருந்தைப் போட்டு அனுப்பும் ஏற்பாட்டை நான்கு மருத்துவமனைத் தொகுப்புகளில் செய்து பார்த்தார்கள். 2,420 நோயாளிகள். 2017ல் வந்த முடிவின்படி ஒரு வருடத்துக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். நூறு பேரில் மூன்று பேருக்கு மேல். ஆளுக்கு முன்னால் போனது ஒரு ஈ.சி.ஜி. தாள்தான்.

பாம்புக்கடியைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். களக்காடு, சேரன்மகாதேவிப் பக்கம் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் கடிபட்டு வருவது எங்களுக்குப் பழகிய விஷயம். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். சாய்த்துப் பார்க்கும்போது உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ஏறிவிட்டது. உடனே விஷமுறிவு மருந்து (ஏ.எஸ்.வி.) தொடங்குவோம். ஆறு மணி நேரம் கழித்து அதே சோதனையைத் திரும்பச் செய்வோம். இப்போது யோசியுங்கள். இங்கிருந்து மேலே அனுப்பும் சீட்டில் 'ஏ.எஸ்.வி. கொடுக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தால் அங்கே இருக்கிற டாக்டர் என்ன செய்வார்? எத்தனை குப்பி, எத்தனை மணிக்குத் தொடங்கியது, முதல் சோதனை எத்தனை மணிக்கு? அது தெரியாவிட்டால் அந்த ஆறு மணி நேரத்தை எதிலிருந்து எண்ணுவது? எனக்கு வந்த சீட்டுகளில் மணி எழுதியிருந்தவை குறைவு. நான் அனுப்பிய சீட்டுகளிலும், இளவயதில், மணி எழுதாமல் விட்டவை உண்டு.

தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக அரசு ஆக்கியிருக்கிறது. அதற்கான தகவலைச் சேகரிக்கும்போது கூடவே 'மணி' என்று ஒரு கட்டமும் நிரம்பினால் போதும், பல உயிர் மிஞ்சும்.

---

நான்குவழிச்சாலை 108 | திங்கள், இரவு 8:20

108 வண்டியில் முதலுதவி செய்கிற இ.எம்.டி.யாக இருக்கிறேன். டாக்டர் சொன்ன பிட்ஸ்பர்க் கதை எனக்கு அப்படியே புரிந்தது.

வண்டியில் ஏற்றியதும் நாடி, பி.பி., ஆக்சிஜன், சர்க்கரை எல்லாம் பார்த்துத் தாளில் எழுதுகிறோம். காஷுவாலிட்டிக்குப் போனும் பண்ணுகிறோம். எடுக்கிறவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் மற்றது. சில இடத்தில் சிஸ்டர் எடுத்து, "எத்தனை நிமிஷம்? ஆக்சிஜன் ரெடி" என்பார். அங்கே வாசலிலேயே ஸ்ட்ரெச்சர் நிற்கும். சில இடத்தில் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

நான் எழுதிக் கொடுத்த தாள் நோயாளியின் தலைமாட்டில் போகும். அடுத்த கேஸ் இறக்கிவிட்டு அரைமணி கழித்து வந்து பார்த்தால் தாள் அங்கேயே இருக்கும், ஆள் வார்டுக்குப் போயிருப்பார். ஓடுகிற வண்டியில் ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் எழுதிய தாள் அது. ஒருத்தராவது அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கும்.

தாளைப் போனில் படமெடுத்து காஷுவாலிட்டியின் திரையில் தெரியும்படி அனுப்ப வழி இருந்தால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள். சேரன்மகாதேவி ரோட்டு வளைவில் உட்கார்ந்து எழுத்தைத் தேட முடியாது.

---

பொருநைச் செவிலி | திங்கள், இரவு 10:40

108 தம்பி, அந்தத் தாளில் ஆக்சிஜன் அளவை நான் முதலில் பார்ப்பேன். வழியில் 88 இருந்து இங்கே 96 என்றால் ஒரு கதை, வழியில் 96 இருந்து இங்கே 88 என்றால் வேறு கதை. இனிமேல் நீங்கள் வந்தால் தாளை என் கையில் கொடுங்கள்.

---

திசையன்விளை | செவ்வாய், காலை 6:50

இவ்வளவு எதற்கு? மருத்துவப் பதிவுகளை இணைக்க ஆபா எண் என்று 14 இலக்கத்தில் எல்லாருக்கும் கொடுக்கிறார்களே. எண்ணைச் சொன்னால் எல்லாம் வந்துவிடும். ஏ.ஐ. வந்தால் யாருக்கு ஆபத்து என்று அதுவே சொல்லிவிடும்.

---

முக்கூடல்காரன் | செவ்வாய், காலை 9:10

அண்ணாச்சி, ஆபா நல்ல தொடக்கம்தான், நான் எதிர்ப்பாளன் இல்லை. ஓ.பி.யில் க்யூ.ஆர். காட்டிச் சீட்டு வாங்குவது வரிசையைக் குறைக்கிறது. ஆனால் பதிவைப் பார்க்க நோயாளியின் சம்மதம் வேண்டும், நியாயமும் அதுதான். நினைவில்லாத ஆள் எப்படிச் சம்மதம் கொடுப்பார்? எங்கள் தெருவில் பாதி வீட்டில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் மும்பையிலும் துபாயிலும். ஆதாரில் கொடுத்த போன் எண் பெரும்பாலும் மகனுடையது. ஓ.டி.பி. துபாய்க்குப் போகும், அப்பா ஸ்ட்ரெச்சரில் கிடப்பார்.

வெளிநாடுகளில் இதற்கு 'கண்ணாடியை உடைப்பது' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தீயணைப்புப் பெட்டியின் கண்ணாடி மாதிரி. உயிருக்கு ஆபத்து என்றால் டாக்டர் சம்மதமில்லாமலே திறக்கலாம். ஆனால் யார் திறந்தார், எப்போது, எதற்கு என்பது பதிவாகும். பிறகு தணிக்கை உண்டு.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியலை காஷுவாலிட்டித் திரையில் காட்டினாலே பாதி மஞ்சப்பையைக் கவிழ்க்க வேண்டாம்.

ஏ.ஐ. பற்றி டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

---

களக்காட்டு டாக்டர் | செவ்வாய், மதியம் 1:15

சுருக்கமாகச் சொல்கிறேன். கிருமித் தொற்றால் உடல் உறுப்புகள் பழுதாகும் செப்சிஸ் நிலையை முன்கூட்டியே எச்சரிக்கும் என்று அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஒரு கணிப்பு மென்பொருளை வைத்திருந்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் சொந்தமாகச் சோதித்து 2021ல் எழுதினார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது தவறவிட்டது. இத்தனைக்கும் சேர்ந்த நோயாளிகளில் 18 சதவீதம் பேருக்கு மணி அடித்திருக்கிறது. நம் ஊர் நோயாளிகளை வைத்துச் சோதித்துப் பார்க்காமல் எதையும் உள்ளே விடக்கூடாது.

அமெரிக்காவிலேயே ஒரு அவசரப் பிரிவில் எண்ணிப் பார்த்தார்கள். டாக்டரின் நேரத்தில் 43 சதவீதம் கணினியில் பதிவதற்கு, 28 சதவீதம் நோயாளியோடு. பத்து மணி நேர டியூட்டியில் சுட்டியை அழுத்தியது 4,000 தடவைக்குப் பக்கம். 2013 கட்டுரை. அந்த நிலை நமக்கு வரக்கூடாது.

---

பெயர் சொல்ல விரும்பாதவன் | செவ்வாய், இரவு 11:30

எல்லாரும் தகவல் முன்னால் போக வேண்டும் என்கிறீர்கள். என் பக்கத்தையும் கேளுங்கள்.

நான் சாப்பிடும் மாத்திரையின் பெயரைப் பார்த்தாலே எனக்கு என்ன நோய் என்று தெரிந்துவிடும். ஊரில் யாருக்கும் தெரியாது, என் மனைவிக்கு மட்டும் தெரியும். நான் வேறு ஊருக்குப் போய்த்தான் மருந்து வாங்குகிறேன். நாளைக்கு நான் அடிபட்டுப் போனால், திரையில் வரும் பட்டியலை யாரெல்லாம் பார்ப்பார்கள்? பதிவு செய்கிற பையன் எங்கள் தெருவாக இருந்தால்? எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், கல்யாணம் பண்ண வேண்டும்.

டாக்டருக்குத் தெரிய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரியாமல் தப்பான மருந்து போட்டுவிடுவார்களோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது. இரண்டு பயத்தோடும்தான் இருக்கிறேன்.

---

பொருநைச் செவிலி | புதன், காலை 5:40

சகோதரரே, உங்கள் பயம் நியாயமானது. நான் பார்த்திருக்கிறேன், கேஸ் ஷீட் மேல் அட்டையில் நோயின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். நான் அதை உள்பக்கத்துக்கு மாற்றிவிடுவேன்.

பதிவு மேசையில் பெயர், வயது மட்டும் தெரிந்தால் போதும். மாத்திரைப் பட்டியல் டாக்டர், சிஸ்டர் திரையில் மட்டும் வர வேண்டும். தகவல் பாதுகாப்புக்கு 2023ல் சட்டம் வந்துவிட்டது. ஆனால் நைட் டியூட்டியில் ஒரே கடவுச்சொல்லை ஐந்து பேர் பயன்படுத்தினால், யார் பார்த்தார் என்று எந்தச் சட்டத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆளுக்கொரு கடவுச்சொல், விரல் வைத்தால் திறக்கிற மாதிரி. அதைக் கேட்டு எழுதுங்கள் தம்பி.

---

ஸ்ரீவைகுண்டம் சாலை | புதன், காலை 10:00

2023 டிசம்பர் 17, 18ஐ யாரும் மறந்துவிட வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று பயணிகள் எண்ணூறு பேர் மாட்டிக்கொண்டார்கள். கரண்ட் இல்லை, போன் டவர் இல்லை. அந்த நாட்களில் என் மாமியாருக்கு இன்சுலின் எவ்வளவு போட வேண்டும் என்பது, குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத்தான் முகாமில் சொன்னோம். என்ன மென்பொருள் வந்தாலும் கூட ஒரு தாள் இருக்கட்டும்.

---

முக்கூடல்காரன் | புதன், இரவு 9:00

இருக்கட்டும், கண்டிப்பாக. மூன்று வரித் தாள் ஒன்று தயாரித்திருக்கிறேன், பெரிய எழுத்தில். மாத்திரைப் பெயரும் அளவும், ஒவ்வாமை, கூப்பிட வேண்டிய எண். பெயர் சொல்ல விரும்பாத அண்ணனுக்காக ஒரு மாற்றம்: தாளை மடித்து உறையில் போட்டு, மேலே 'டாக்டரிடம் மட்டும்' என்று எழுதலாம். அப்பாவின் போனில் பூட்டுத் திரையிலும் அவசரத் தகவல் பகுதியில் அசிட்ரோம் என்று ஏற்றிவிட்டேன்.

---

மருந்துக்கடை அண்ணாச்சி | வியாழன், இரவு 10:15

நாலு நாளாக வாசிக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். அந்த அட்டையை வெட்டிக் கொடுப்பது என்னைப் போன்றவர்கள்தான்.

எங்கள் பக்கம் பீடி சுற்றுகிற பெண்கள் வாரக் கூலி வாங்கியதும் ஏழு நாள் மாத்திரை கேட்பார்கள். முழு அட்டை வாங்கச் சொன்னால் அந்த வாரம் மாத்திரையே வாங்க மாட்டார்கள். அதனால் வெட்டத்தான் வேண்டும். 300 மருந்துகளுக்கு க்யூ.ஆர். அச்சிட வேண்டும் என்று 2023 ஆகஸ்ட்டிலிருந்து விதி இருக்கிறது. வெட்டும்போது அதுவும் ஒரு துண்டோடு போய்விடும். பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற துண்டை நாங்கள் கடையில் வைத்துக்கொள்வோம், மிச்சத்தை விற்க அது வேண்டும்.

தம்பியின் அம்மா பையைக் கவிழ்த்ததை வாசித்த அன்றைக்கே கடையில் இருக்கிற இரண்டு பையன்களிடமும் சொல்லிவிட்டேன். வெட்டின அட்டை எதுவானாலும் காக்கி உறையில் போட்டு, உறை மேல் மருந்தின் பெயர், மில்லிகிராம், தேதி எழுத வேண்டும். உறையாமல் இருக்கிற மாத்திரை, வலிப்பு மாத்திரை, சர்க்கரை மாத்திரை என்றால் சிவப்புப் பேனா. இன்றைக்கு நாலாவது நாள். கூட்டம் சேர்ந்தால் பையன்கள் முணுமுணுக்கிறார்கள். ஒரு உறைக்குப் பத்து நொடி ஆகிறது, எண்ணிப் பார்த்தேன்.

நேற்று ஒரு பாட்டி வந்து அந்த உறையைத் திருப்பிக் கொடுத்து, "இதுல எழுதினது அழிஞ்சு போச்சு, வேற எழுதித் தா ஐயா" என்று கேட்டார்கள். அழியாத மை பேனா நாளைக்கு வாங்கப் போகிறேன்.